புரோட்டீன் ஸ்ட்ரக்சர்ல ரெசிடியூ கான்டாக்ட் பாக்கிறது எப்படி: ஃபைல் எடுக்கிறதுல இருந்து முடிவு சொல்ற வரைக்கும்

கையில ஒரு புரோட்டீன் ஸ்ட்ரக்சர் இருக்கு, அதுல எந்த அமினோ அமிலம் (புரோட்டீன் சங்கிலில சேந்ததும் அதைத்தான் ரெசிடியூன்னு சொல்வாங்க) எதைத் தொட்டுட்டு நிக்குதுன்னு, அதாவது கான்டாக்ட்ல இருக்குன்னு, ஒரு லிஸ்ட் வேணும். இதுதான் வேலை. லிஸ்ட் எடுக்கிறது கஷ்டமே இல்ல, நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். ஆனா அந்த ஃபைலைத் திறந்து பாத்தீங்கன்னா உள்ள இருக்கிறது ஒவ்வொரு அணுவோட எக்ஸ், ஒய், இசட் மட்டும்தான். டைசல்ஃபைடு பாண்ட் (ரெண்டு சிஸ்டீனோட சல்ஃபர் சேர்ற பிணைப்பு) மாதிரி ஒண்ணு ரெண்டைத் தவிர எது எதைத் தொடுதுன்னு யாரும் அங்க எழுதி வச்சிருக்க மாட்டாங்க, "இவ்வளவு தூரத்துக்குள்ள இருந்தா தொடுதுன்னு அர்த்தம்"னு நீங்கதான் முடிவு பண்ணணும், அந்த முடிவு மாறினா லிஸ்ட் மொத்தமும் மாறும். அதனால டூல் எதுன்னு தேடுறதுக்கு முன்னாடி கேள்வி என்னன்னு ஒரு வரில எழுதிக்கோங்க.

புரோட்டீன் எப்படி மடிஞ்சிருக்கு, ரெண்டு ஃபோல்டு ஒரே மாதிரி இருக்கா, பிரெடிக்ட் பண்ண ஸ்ட்ரக்சர் நிஜத்தோட ஒத்துப்போகுதா, இந்த மாதிரி கேள்வின்னா ரெசிடியூக்கு ஒரு புள்ளி வச்சுக்கிட்டா போதும். ஒரு மியூட்டேஷன் (ஒரு அமினோ அமிலம் வேறயா மாறுறது) ஏன் கெடுக்குது, ரெண்டு செயின் (புரோட்டீன் சங்கிலி) சேர்ற இடத்துல, அதாவது இன்டர்ஃபேஸ்ல, யார் யார் இருக்காங்கன்னா எல்லா அணுவையும் எடுத்துக்கணும். ஒரு குறிப்பிட்ட ஹைட்ரஜன் பாண்டோ சால்ட் பிரிட்ஜோ (பிளஸ் சார்ஜும் மைனஸ் சார்ஜும் ஈர்த்துப் பிடிக்கிறது) உடையுதா இல்லையான்னா தூரம் மட்டும் பத்தாது, எந்த அணு, என்ன கோணம்னு பாக்கணும். இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் கலக்குறதாலதான் பாதி குழப்பம் வருது.

முதல் வகைல வழக்கமா எல்லாரும் எடுக்கிறது சி-பீட்டா அணுக்களுக்கு நடுவுல 8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மீட்டர்ல ஆயிரம் கோடில ஒரு பங்கு). புரோட்டீனோட முதுகெலும்பு மாதிரி ஓடுறது பேக்போன், அதுல சைடு செயின் கிளம்புற கார்பன் சி-ஆல்ஃபா, சைடு செயினோட முதல் கார்பன் சி-பீட்டா. ஸ்ட்ரக்சர் பிரெடிக்ஷனுக்கு நடக்கிற காஸ்ப் போட்டில கான்டாக்ட் பிரெடிக்ஷன் ஒரு பிரிவா இருந்தப்போ இதுதான் கணக்கு, கிளைசினுக்கு சி-பீட்டா கிடையாதுங்கிறதால அதுக்கு மட்டும் சி-ஆல்ஃபா. ஏன் எல்லாத்துக்குமே சி-ஆல்ஃபா எடுக்கக் கூடாதுன்னா எடுக்கலாம், நிறைய பேர் எடுக்கிறாங்க, ஆனா ரெண்டு ரெசிடியூவோட சி-ஆல்ஃபா 7 ஆங்ஸ்ட்ராம்ல இருந்தும் சைடு செயின் ரெண்டும் ஆளுக்கொரு திசைல திரும்பி நிக்கலாம், அது சி-ஆல்ஃபா கணக்குல கான்டாக்ட்டா வந்து உக்காந்துடும். சி-பீட்டா எடுத்தா சைடு செயின் எந்தப் பக்கம் கிளம்புதுங்கிறது கொஞ்சமாவது உள்ள வரும்.

இன்னொரு விஷயம், சீக்வென்ஸ்ல பக்கத்துல இருக்கிறதை வெட்டி விடணும். அடுத்தடுத்த சி-ஆல்ஃபா ரெண்டுக்கும் நடுவுல 3.8 ஆங்ஸ்ட்ராம்தான், அது பெப்டைடு பாண்ட் தர்ற தூரம், அதுல புதுசா தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்ல. ஆல்ஃபா ஹெலிக்ஸ்ல (சங்கிலி சுருளா மடியிற அமைப்பு) ஒரு சுத்துக்கு 3.6 ரெசிடியூ, ஒவ்வொண்ணும் 1.5 ஆங்ஸ்ட்ராம் மேல ஏறுது, அப்போ நாலு தள்ளி இருக்கிற ரெசிடியூ கூட 6 ஆங்ஸ்ட்ராம் சொச்சத்துல வந்துடும், 8 வச்சு எண்ணினா ஹெலிக்ஸ் நிறைய இருக்கிற புரோட்டீன் எல்லாம் "கான்டாக்ட் அதிகம்"னு பொய்யா ஜெயிச்சுடும். காஸ்ப்ல 6ல இருந்து 11 வரைக்கும் தள்ளி இருந்தா ஷார்ட், 12ல இருந்து 23 மீடியம், 24ம் அதுக்கு மேலயும் லாங்னு பிரிச்சாங்க, 6க்குக் கீழ கணக்குலயே சேர்க்கல. ஆனா இந்த வடிகட்டல் ஒரே செயினுக்குள்ள மட்டும்தான், ரெண்டு வேற செயினுக்கு நடுவுல போட்டுடாதீங்க, ஏ செயின்ல 40ம் பி செயின்ல 41ம் பக்கத்து நம்பரா இருக்கிறதுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

இந்த 8 ஆங்ஸ்ட்ராம் கணக்கு எங்க கைவிடும்னா நீளமான சைடு செயின்ல. லைசினை எடுத்துக்கோங்க, சி-பீட்டால இருந்து நுனி நைட்ரஜன் வரைக்கும் நல்லா நீட்டினா 5 ஆங்ஸ்ட்ராம் வரும், எதிர்ல அஸ்பார்டேட்டோட சி-பீட்டால இருந்து ஆக்சிஜன் வரைக்கும் ஒரு 2.4, நடுவுல சால்ட் பிரிட்ஜ் 2.8, மொத்தம் 10ஐத் தாண்டிடுது. தள்ளி நிக்கிற ரெண்டு பேர் கையை நீட்டிக் கை குலுக்குற மாதிரி, நுனி ரெண்டும் கெட்டியாப் பிடிச்சிருக்கும், உங்க லிஸ்ட்ல அது வரவே வராது. மியூட்டேஷனையோ இன்டர்ஃபேஸையோ பத்திப் பேசப் போறீங்கன்னா சி-பீட்டா வேண்டாம்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான்.

அங்க ஹைட்ரஜன் தவிர்த்த எல்லா அணுவையும் எடுத்து, ரெண்டு ரெசிடியூக்கு நடுவுல இருக்கிற மிகக் குறைஞ்ச தூரம் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள வந்தா கான்டாக்ட்னு வச்சுக்கோங்க. சிலர் 4 எடுப்பாங்க, சிலர் 5. இந்த நம்பர் எங்க இருந்து வருதுன்னா, கார்பனோட வான் டெர் வால்ஸ் ஆரம் 1.7, ரெண்டு கார்பன் உரசி நின்னா 3.4, நடுவுல ஒரு தண்ணி மாலிக்யூல் நுழையணும்னா இன்னொரு 2.8 வேணும், அதாவது 6.2 வரைக்கும் தண்ணி உள்ள வர முடியாது. 4.5 அந்த எல்லைக்கு நல்லாவே உள்ள இருக்கு, உரசலுக்குக் கொஞ்சம் இடம் விட்ட மாதிரியும் இருக்கு. என்எம்ஆர் ஃபைல்லயும் சிமுலேஷன் ஃபைல்லயும் ஹைட்ரஜன் இருக்கும், எக்ஸ்-ரே ஃபைல்ல பெரும்பாலும் இருக்காது, ஹைட்ரஜனைத் தூக்காம ரெண்டையும் ஒரே கட்ஆஃப்ல (எல்லைத் தூரத்துல) ஒப்பிட்டா வித்தியாசம் புரோட்டீனால வந்ததா ஹைட்ரஜனால வந்ததான்னு சொல்லவே முடியாது.

மேல் எல்லை மாதிரியே கீழ் எல்லையும் முக்கியம். ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் 1963ல போட்ட அந்தப் புகழ்பெற்ற பிளாட்டே இந்தத் தொடு தூரத்துல இருந்து வந்ததுதான், எந்த அணு எந்த அணுவை எவ்வளவு வரைக்கும் நெருங்கலாம்னு ஒரு டேபிள் போட்டு அதுக்குள்ள அடங்குற பேக்போன் கோணங்களைக் குறிச்சாங்க, பாண்ட் இல்லாத கார்பன் கார்பனுக்கு அவங்க வச்ச சாதாரண எல்லை 3.2, கடைசி எல்லை 3.0. உங்க லிஸ்ட்டைத் தூர வாரியா சார்ட் பண்ணிப் பாருங்க, கார்பன் கார்பன் 2.7ன்னு ஏதாவது மேல வந்து நின்னா அது நெருக்கமான கான்டாக்ட் கிடையாது, மாடல்ல தப்பு இருக்கு, இல்ல நீங்க ஃபைலைச் சரியாப் படிக்கல.

ஃபைலைப் படிக்கிறதுலதான் உண்மையில நேரம் போகும், போகட்டும், இங்க அவசரப்பட வேண்டாம். புரோட்டீன் டேட்டா பேங்க்ல இருந்து எடுக்கும்போது எம்எம்சிஃப் ஃபார்மட்டையே எடுங்க, 2014ல இருந்து அதுதான் ஸ்டாண்டர்டு, பழைய பிடிபி ஃபார்மட்ல பெரிய காம்ப்ளெக்ஸ் எல்லாம் அடங்கவே அடங்காது. எடுத்ததும் முதல்ல ரெசல்யூஷன் (எவ்வளவு நுணுக்கமாத் தெரியுதுங்கிற அளவு, நம்பர் சின்னதா இருந்தா நல்லது) என்னன்னு பாருங்க. 2 ஆங்ஸ்ட்ராம் பக்கம்னா சைடு செயினை நம்பிப் பேசலாம், 3ஐத் தாண்டிடுச்சுன்னா பேக்போன் தெரியும், சைடு செயின் பல இடத்துல உத்தேசமா வச்சதா இருக்கும், அதுல போய் 3.3 ஆங்ஸ்ட்ராம் ஹைட்ரஜன் பாண்ட்னு எழுதுறது நல்லா இருக்காது.

அடுத்து ஆல்டர்நேட் கன்ஃபர்மேஷன். ஒரே சைடு செயின் 'ஏ', 'பி'ன்னு ரெண்டு நிலைல இருக்கும், ரெண்டுக்கும் ஆக்குபன்சி (எத்தனை பங்கு அந்த நிலைல இருக்குங்கிறது) 0.6, 0.4ன்னு பிரிஞ்சிருக்கும். ரெண்டையும் கண்ணை மூடிட்டு எடுத்தா ஒரே ரெசிடியூ ரெண்டு இடத்துல நின்னு ரெண்டு மடங்கு கான்டாக்ட் காட்டும். பயோபைத்தான் (ஸ்ட்ரக்சர் ஃபைலைப் படிக்க உதவுற பைத்தான் லைப்ரரி) தானாவே ஆக்குபன்சி அதிகமானதை எடுத்துக்கும், எல்லா புரோகிராமும் அப்படிச் செய்யும்னு நம்பாதீங்க. சிலீனோமெத்தியோனின் இன்னொண்ணு, எக்ஸ்-ரே தரவுல இருந்து ஸ்ட்ரக்சர் எடுக்கத் தேவையான ஃபேஸைக் கண்டுபிடிக்கிறதுக்காக மெத்தியோனின் இடத்துல அதைப் போட்டிருப்பாங்க, ஃபைல்ல அது ஹெட்டரோ அணுன்னு வரும், தண்ணியையும் லிகண்டையும் (புரோட்டீன்ல ஒட்டியிருக்கிற வேற மாலிக்யூல்) தூக்குறேன்னு ஹெட்டரோ எல்லாத்தையும் தூக்கினா இதுவும் சேந்து போயிடும், கோர்ல நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி கான்டாக்ட் காணாமப் போகும். ஆன்டிபாடி, த்ரோம்பின் மாதிரி புரோட்டீன்ல 52ஏ, 60பின்னு நம்பர் பின்னாடி எழுத்து வரும், அதை விட்டுட்டு நம்பரை மட்டும் கீயா வச்சீங்கன்னா ரெண்டு மூணு ரெசிடியூ ஒண்ணா ஒட்டிக்கும். எலக்ட்ரான் டென்சிட்டி (எக்ஸ்-ரேல தெரியிற எலக்ட்ரான் மேகம்) தெரியாததால மாடல்ல வைக்காம விட்ட ரெசிடியூ எதெல்லாம்னும் ஒரு லிஸ்ட் எடுத்து வச்சுக்கோங்க, இல்லாத ரெசிடியூக்கு கான்டாக்ட் ஜீரோன்னு எழுதுறதும், இருந்தும் தொடாத ரெசிடியூக்கு ஜீரோன்னு எழுதுறதும் ஒண்ணு ஆகாது.

இப்போ ரொம்ப முக்கியமானது, பயாலஜிக்கல் அசெம்ப்ளி, அதாவது உடம்புல நிஜமா வேலை செய்யிற முழு வடிவம். ஹீமோகுளோபினை வச்சே பாப்போம். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் 2ஹெச்ஹெச்பிங்கிற ஐடில இருக்கு, 1.74 ஆங்ஸ்ட்ராம், ஏ, சி ரெண்டும் ஆல்ஃபா, பி, டி ரெண்டும் பீட்டா, நாலு செயினும் ஃபைல்லயே இருக்கும். ஆக்சிஜன் பிடிச்சது 1ஹெச்ஹெச்ஓ, 2.1 ஆங்ஸ்ட்ராம், அதுல ஒரு ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும் மட்டும்தான் இருக்கும், ஏன்னா கிரிஸ்டல்ல மீதிப் பாதி சிமெட்ரியால வந்துடுது, அதைத் தனியா எழுதல. ஆக்சிஜன் இல்லாத நிலைல ஒரு ஆல்ஃபா செயினோட கடைசி ஆர்ஜினின் 141, எதிர் ஆல்ஃபாவோட அஸ்பார்டேட் 126 கூட சால்ட் பிரிட்ஜ் போட்டிருக்கும், ஆக்சிஜன் வந்ததும் இது உடையும்னு ஹீமோகுளோபின் ஸ்ட்ரக்சரைக் கண்டுபிடிச்ச மேக்ஸ் பெருட்ஸ் 1970லயே விளக்கிட்டார். இப்போ நீங்க ரெண்டு ஃபைலையும் அப்படியே இறக்கி ஓட்டினீங்கன்னா 2ஹெச்ஹெச்பில இந்த ஜோடி வரும், 1ஹெச்ஹெச்ஓல வராது, "ஆகா உடைஞ்சிருச்சு"ன்னு எழுதிடுவீங்க. முடிவு என்னவோ சரிதான், ஆனா காரணம் தப்பு, ஏன்னா அந்த ஃபைல்ல எதிர் ஆல்ஃபாவே கிடையாது, உடையாம இருந்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

அதனால அசெம்ப்ளி ஃபைலை இறக்குங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, பழைய பிடிபி ஃபார்மட்ல இறக்கினா சிமெட்ரியால வந்த பாதி ரெண்டாவது மாடல்னு எழுதியிருக்கும், செயின் பேர் அதே ஏ, பிதான். ஸ்கிரிப்ட்ல பழக்கத்துல முதல் மாடலை மட்டும் எடுத்தீங்கன்னா மறுபடியும் பாதிதான் கையில இருக்கும். அதுக்காக எப்பவுமே எல்லா மாடலையும் சேத்து எடுக்கலாம்னும் இல்ல, என்எம்ஆர் ஃபைல்ல 20 மாடல் ஒண்ணு மேல ஒண்ணா ஒரே இடத்துல இருக்கும், அதைச் சேத்தா எல்லாம் எல்லாத்தையும் தொடும். எம்எம்சிஃப் அசெம்ப்ளில செயின் பேரே வேற வேறயா வந்துடும், வேலை சுலபம்.

இதே ஜோடி ஸ்ட்ரக்சர்ல நீங்க கைப்பழக்கத்துக்கு ஒண்ணு செஞ்சு பாருங்க, பீட்டா செயினோட கடைசி ஹிஸ்டிடின் 146க்கும் அதே செயின்ல அஸ்பார்டேட் 94க்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அளங்க. ஆக்சிஜன் இல்லாதப்போ ஹிஸ்டிடினோட வளையத்துல இருக்கிற நைட்ரஜன் அஸ்பார்டேட் ஆக்சிஜனைப் பிடிச்சிருக்கும், ஆக்சிஜன் வந்ததுல விலகிடும். ரெண்டு ரெசிடியூவும் ஒரே செயின்ங்கிறதால இங்க அசெம்ப்ளி பிரச்சனை கிடையாது, உங்க ஸ்கிரிப்ட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க நல்ல டெஸ்ட்.

ஸ்கிரிப்ட் பக்கம் சொல்ல அதிகம் இல்ல. பயோபைத்தான்ல நெய்பர்சர்ச்னு ஒரு கிளாஸ் இருக்கு, சுத்தம் பண்ண அணு லிஸ்ட்டை அதுக்குக் கொடுத்து, 4.5க்குள்ள இருக்கிற எல்லா ஜோடியையும் ரெசிடியூ லெவல்ல கேட்டா கொடுத்துடும். 300 ரெசிடியூ புரோட்டீன்ல ஹைட்ரஜன் போக 2400 அணு பக்கம் வரும், எல்லாத்தையும் எல்லாத்தோடயும் அளந்தா கிட்டத்தட்ட 29 லட்சம் ஜோடி, ஒரு ஸ்ட்ரக்சருக்குப் பரவாயில்ல, ஆயிரக்கணக்குல ஓட்டணும்னா கேடி-ட்ரீ மாதிரி ஏதாவது வேணும், நெய்பர்சர்ச் உள்ள அதைத்தான் பண்ணுது. சிமுலேஷன்னா எம்டிஅனாலிசிஸ் இல்ல எம்டிட்ராஜ். கோட் எழுத விருப்பம் இல்லாதவங்க கைமெராஎக்ஸ்ல கான்டாக்ட்ஸ் கமாண்ட் போடலாம், பைமால்லயும் ஒரு செயின்ல இருந்து இவ்வளவு தூரத்துக்குள்ள இருக்கிற ரெசிடியூன்னு செலக்ட் பண்ணலாம். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கைமெராஎக்ஸ் நேரா தூரத்தைப் பாக்காது, ரெண்டு அணுவோட ஆரத்தைக் கூட்டி அதுல இருந்து தூரத்தைக் கழிச்சு வர்ற ஓவர்லேப்பைப் பாக்கும், டிஃபால்ட் மைனஸ் 0.4. அதனால பயோபைத்தான் லிஸ்ட்டும் இதுவும் ஒத்துப்போகலன்னு பதற வேண்டாம், ரெண்டும் வேற கேள்வியைக் கேக்குது.

லிஸ்ட் வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் அணு பேரும் தூரமும் சேத்து வச்சுக்கோங்க, வெறும் ரெசிடியூ ஜோடி மட்டும் வச்சா அப்புறம் வகை பிரிக்க முடியாது. சிஸ்டீன் சல்ஃபர் ரெண்டும் 2.05 பக்கம் இருந்தா டைசல்ஃபைடு. லைசின், ஆர்ஜினின் நைட்ரஜனும் அஸ்பார்டேட், குளுட்டமேட் ஆக்சிஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள்ளன்னா சால்ட் பிரிட்ஜ், ஹிஸ்டிடினைச் சேக்கிறதா வேண்டாமாங்கிறது அந்த இடத்துல அது புரோட்டான் பிடிச்சிருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்தது, ப்ராப்கா மாதிரி ஒரு டூல்ல பிகேஏ (எந்த பிஹெச் பக்கம் புரோட்டானை விடுங்கிற அளவு) பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஹைட்ரஜன் பாண்டுக்கு டோனரும் (ஹைட்ரஜனைக் கொடுக்கிற அணு) அக்செப்டரும் (அதை வாங்கிக்கிற அணு) 3.5க்குள்ள, ஹைட்ரஜன்கிட்ட கோணம் 120 டிகிரிக்கு மேல, பேக்போன்னா டிஎஸ்எஸ்பிங்கிற புரோகிராம் தூரத்தை விட்டுட்டு எனர்ஜி கணக்குப் போடும், மைனஸ் 0.5 கிலோகேலரிக்குக் கீழ போனா பாண்ட். வளையத்துக்கு வளையம்னா நடுப்புள்ளி ரெண்டுக்கும் 7 வரைக்கும், பிளஸ் சார்ஜ் வளையத்து மேல உக்காந்திருந்தா 6 வரைக்கும்னு பொதுவா எடுப்பாங்க. மத்த கார்பன் கார்பன் எல்லாம் ஹைட்ரோஃபோபிக்னு போட்டுடாதீங்க, லைசினோட சைடு செயின்லயும் கார்பன்தான் இருக்கு, எந்த ரெசிடியூவோட எந்த கார்பன்னு பாத்துப் போடுங்க.

ஹைட்ரஜன் பாண்ட் பாக்கிறவங்க ஆஸ்பராஜினையும் குளுட்டமினையும் கட்டாயம் செக் பண்ணணும். எலக்ட்ரான் டென்சிட்டில அந்த நுனில இருக்கிற ஆக்சிஜனும் நைட்ரஜனும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாடல் பண்ணவங்க மாத்தி வச்சிருந்தா டோனர் அக்செப்டராவும் அக்செப்டர் டோனராவும் தெரியும், ஹிஸ்டிடின் வளையத்துக்கும் இதே கதை. ரெட்யூஸ்ங்கிற புரோகிராம் ஹைட்ரஜன் சேக்கும்போதே இதைத் திருப்பிப் பாத்து எது பொருந்துதுன்னு சொல்லிடும்.

மொத்தப் படமும் ஒரே பார்வைல வேணும்னா கான்டாக்ட் மேப் போடுங்க, ரெண்டு அச்சுலயும் ரெசிடியூ நம்பர், தொட்டா ஒரு புள்ளி. ஹெலிக்ஸ் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டித் தடிப்பா வரும், பேரலல் பீட்டா இழை (ஒரே திசைல பக்கத்துல பக்கத்துல ஓடுற நீட்டின பகுதி) நடுக்கோட்டுக்கு இணையா தள்ளி ஒரு கோடா வரும், ஆன்டிபேரலல் (எதிரெதிர் திசைல ஓடுறது) அதுக்குச் செங்குத்தா வரும். இதுல இருந்து ஒரே நம்பரா சுருக்கணும்னா கான்டாக்ட் ஆர்டர் இருக்கு, தொடுற ஜோடி எல்லாம் சீக்வென்ஸ்ல சராசரியா எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாத்து மொத்த நீளத்தால வகுக்கிறது. பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் மூணு பேரும் 1998ல இது சின்னப் புரோட்டீன்களோட ஃபோல்டிங் வேகத்தோட ஒத்துப்போகுதுன்னு காட்டினாங்க, தூரத்துல இருக்கிறது தொடணும்னா மடியிறது மெதுவா இருக்கு. குரோமிகாவும் செல்வராஜும் 2001ல லாங் ரேஞ்ச் ஆர்டர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, சி-ஆல்ஃபா 8 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள, சீக்வென்ஸ்ல 12ம் அதுக்கு மேலயும் தள்ளி இருக்கிறதை மட்டும் எண்ணுறது. பாருங்க, ஒவ்வொரு அளவுக்கும் கான்டாக்ட்னா என்னன்னு தனி விதி இருக்கு, ஒருத்தர் விதில எடுத்த லிஸ்ட்டை இன்னொருத்தர் ஃபார்முலால போடக் கூடாது.

எண்ணி ஒப்பிடும்போது இன்னும் கொஞ்சம் கவனம். டிரிப்டோஃபேன்ல ஹைட்ரஜன் இல்லாம 14 அணு, கிளைசின்ல 4தான், அணு ஜோடியை எண்ணினா பெருசு எப்பவும் ஜெயிக்கும். அதே மாதிரி லூசின் லூசின் ஜோடிதான் அதிகம்னு வந்தா லூசினே புரோட்டீன்ல அதிகம்கிறதாலயும் இருக்கலாம், அமினோ அமிலங்களோட எண்ணிக்கையை வச்சு சும்மா எதேச்சையா எவ்வளவு வரணும்னு கணக்குப் போட்டு, அதால வகுத்துட்டுப் பேசுங்க. மியாசாவாவும் ஜெர்னிகனும் 1985ல கான்டாக்ட் எண்ணிக்கைல இருந்து எனர்ஜி டேபிள் எடுத்தப்போ இந்த எதிர்பார்ப்புக் கணக்குதான் அடித்தளம்.

சிமுலேஷன்லயும் என்எம்ஆர்லயும் உண்டு இல்லைன்னு எழுதாம எத்தனை சதவீதம் ஃபிரேம்ல, இல்ல மாடல்ல, தொடுதுன்னு எழுதுங்க. ஆல்ஃபாஃபோல்டு (ஸ்ட்ரக்சரைப் பிரெடிக்ட் பண்ற ஏஐ புரோகிராம்) மாடல்னா பி-ஃபேக்டர் காலம்ல இருக்கிறது பிஎல்டிடிடி (அந்த ரெசிடியூவை எவ்வளவு நம்பலாம்னு 100க்குப் போடுற மார்க்), 70க்குக் கீழ இருக்கிற ரெசிடியூவோட கான்டாக்ட்டை வச்சு வாதம் பண்ணாதீங்க, ரெண்டு டொமைனுக்கு (தனித்தனியா மடியிற பகுதிக்கு) நடுவுல இருக்கிற கான்டாக்ட்னா பிஏஈ பிளாட்டையும் (ஒண்ணுக்கொண்ணு வச்ச இடத்துல எவ்வளவு பிழை இருக்கலாம்னு காட்டுறது) சேத்துப் பாருங்க, ரெண்டு டொமைனும் தனித்தனியா 90க்கு மேல இருந்தும் ஒண்ணுக்கொண்ணு வச்ச இடம் வெறும் யூகமா இருக்கலாம்.

லிஸ்ட்டை நம்பலாமான்னு பாக்க நான் எல்லாருக்கும் சொல்றது ஒரே வழி. 4, 4.5, 5ன்னு மூணு கட்ஆஃப்லயும் ஓட்டுங்க. எண்ணிக்கை மாறும், மாறத்தான் செய்யும், நீங்க சொல்ல வந்த விஷயம் மாறுதான்னு பாருங்க. 4.5ல இருக்கு 4.4ல இல்லைங்கிற ஒரு ஜோடியை நம்பி மொத்த விளக்கமும் நின்னா அது நிக்காது. அப்புறம் முக்கியமான பத்து ஜோடியையாவது பைமால்ல திறந்து கண்ணால பாருங்க, எக்ஸ்-ரேன்னா டென்சிட்டி மேப்பையும் போட்டுப் பாருங்க, சைடு செயின் மேல டென்சிட்டியே இல்லாம காத்துல நிக்கிறது அப்போதான் தெரியும்.

தொடுதுங்கிறதுக்கும் அது எவ்வளவு வலுங்கிறதுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தையும் மறக்க வேண்டாம். பார்னேஸ், பார்ஸ்டார்னு ஒரு ஜோடி புரோட்டீன், ரெண்டும் ரொம்ப இறுக்கமாப் பிடிச்சுக்கும், ஸ்ட்ரக்சர் 1பிஆர்எஸ். அதுல பார்ஸ்டாரோட அஸ்பார்டேட் 39, பார்னேஸோட ஆர்ஜினின் 83, ஆர்ஜினின் 87, ஹிஸ்டிடின் 102ன்னு மூணு பேர் நடுவுல போய் உக்காந்திருக்கும். ஷ்ரைபரும் ஃபெர்ஷ்டும் 1995ல இந்த இன்டர்ஃபேஸ்ல ஜோடி ஜோடியா மியூட்டேட் பண்ணி ஒவ்வொரு ஜோடிக்கும் எவ்வளவு எனர்ஜின்னு அளந்தாங்க, பொதுவா 7 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள இருக்கிற ரெசிடியூங்க ஒண்ணை ஒண்ணு பாதிக்குது, சார்ஜ் ஜோடிதான் பெரிய நம்பர். அதாவது நம்ம 4.5 லிஸ்ட்ல இல்லாத ஜோடியும் ஒண்ணை ஒண்ணு உணரலாம், லிஸ்ட்ல இருக்கிற எல்லாமும் ஒரே எடையும் கிடையாது. கான்டாக்ட் லிஸ்ட்டை எந்த மியூட்டேஷன் செஞ்சு பாக்கலாம்னு தேர்ந்தெடுக்கப் பயன்படுத்துங்க, இந்த ரெசிடியூதான் பிடிச்சு வச்சிருக்குன்னு தீர்ப்பு எழுத அது மட்டும் போதாது.

எழுதி வைக்கும்போது ஐடி, எந்த அசெம்ப்ளி, எந்த செயின், ஹைட்ரஜன் இருந்ததா இல்லையா, ஆல்டர்நேட் கன்ஃபர்மேஷனை என்ன பண்ணீங்க, எந்த அணு, எந்த கட்ஆஃப், சீக்வென்ஸ்ல எத்தனை தள்ளி இருந்தா எடுத்தீங்க, எந்த டூல் எந்த வெர்ஷன், இவ்வளவும் லிஸ்ட் ஃபைலோட தலைப்புலயே இருக்கட்டும், வேற ஒருத்தர் அதே ஐடியை இறக்கி ஓட்டினா அதே எண்ணிக்கை வரணும்.